ஊரை அறியும் வகுப்பில் உருவாகும் நட்பு

வேலையின் பொருட்டு ஊர் மாறிச் செல்லும் ஒருவருக்கு வீடு, வங்கிக் கணக்கு, பிள்ளைகளின் பள்ளி, ஓட்டுநர் உரிமம் ஆகியவை சில வாரங்களில் அமைந்துவிடுகின்றன; ஆனால் மாலையில் காரணமின்றித் தொலைபேசியில் அழைத்துப் பேசக்கூடிய ஒரு நண்பர் அமைவதற்கு ஆண்டுகள் ஆகின்றன, பலருக்கு அமையாமலே போய்விடுவதும் உண்டு. 1940களின் இறுதியில் ஆண்டுதோறும் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் வீடு மாறிய நாடு அமெரிக்கா. இப்போது அந்த விகிதம் பத்தில் ஒருவருக்கும் கீழே இறங்கிவிட்டது என்றாலும், புதிய ஊரில் யாரையும் அறியாமல் வாழத் தொடங்குவோர் அங்கே ஏராளமாக இருக்கிறார்கள். 2023இல் அந்நாட்டின் தலைமை மருத்துவ அலுவலராக இருந்த, இந்திய வம்சாவளியினரான விவேக் மூர்த்தி, தனிமையையும் சமூகத் துண்டிப்பையும் பொதுச் சுகாதாரச் சிக்கல்களாகவே கருத வேண்டும் என்று விரிவான ஓர் அறிக்கை வெளியிட்டார். இந்தச் சிக்கலுக்குத் தீர்வு காணும் நோக்கமே இல்லாமல் உருவாகி, நடைமுறையில் அதற்கு நல்ல தீர்வாகவும் அமைந்துவிட்ட ஓர் ஏற்பாடு அமெரிக்க நகரங்களில் அரை நூற்றாண்டுக்கும் மேலாக நடந்துவருகிறது. சமூகத் தலைமைப் பயிற்சித் திட்டம் என்பது அதன் பொதுப்பெயர்.

ஒரு நகரத்தின் அல்லது மாவட்டத்தின் வர்த்தக சபையோ, அதற்கெனவே தொடங்கப்பட்ட தொண்டு நிறுவனமோ ஆண்டுதோறும் முப்பது முதல் அறுபது பேர் வரை தேர்ந்தெடுத்து, அவர்களை ஒரே வகுப்பாக வைத்து, பெரும்பாலும் ஆகஸ்ட் அல்லது செப்டம்பரில் தொடங்கி மே மாதம் வரை, மாதம் ஒரு முழு நாள் வீதம் அந்த ஊரின் நிர்வாகம், கல்வி, மருத்துவம், நீதித்துறை, பொருளாதாரம், கலை என ஒவ்வொன்றையும் நேரில் காட்டுவதே இத்திட்டத்தின் பொது வடிவம். தலைமை என்ற சொல் பெயரில் இருந்தாலும், மேடைப் பேச்சோ மேலாண்மை உத்தியோ இங்கே முதன்மையான பாடம் அன்று. ஊர் எவ்வாறு இயங்குகிறது, முடிவுகளை யார் எடுக்கிறார்கள், பணம் எங்கிருந்து வந்து எங்கே போகிறது, எந்தத் தெருவில் என்ன குறை என்பனவே பாடம். வங்கி மேலாளர், பள்ளி முதல்வர், காவல் துறை அதிகாரி, மருத்துவமனைச் செவிலியர், கட்டட ஒப்பந்தக்காரர், தேவாலயப் போதகர், நாளிதழ்க்காரர் என்று பல தொழில்களைச் சேர்ந்தவர்கள் ஒரே வகுப்பில் இடம்பெறும்படி தேர்வுக் குழு கவனமாகப் பார்த்துக்கொள்கிறது. இந்தக் கலவை தற்செயலானது அன்று, திட்டமிட்டே செய்யப்படுவது. புதியவருக்குக் கிடைக்கும் பயனில் பெரும்பகுதி இதிலிருந்தே பிறக்கிறது.

புதியவரின் தனிமையும் ஊர்ப்பணியும் அமெரிக்காவில் கைகோத்தது இத்திட்டங்களுக்கு வெகு முன்னரே நிகழ்ந்ததாகும். தமிழ்நாட்டின் சிற்றூர் வாசகர்களும் நன்கறிந்த ரோட்டரி சங்கம் அவ்வாறு பிறந்ததுதான். வெர்மான்ட் மாநிலத்துச் சிற்றூர் ஒன்றில் வளர்ந்து, 1896இல் சிகாகோவில் வழக்கறிஞராகக் குடியேறிய பால் ஹாரிஸ், பெருநகரக் கூட்டத்துக்கு நடுவே தமக்கென்று நண்பர் இல்லாத குறையை உணர்ந்து, சிற்றூரில் நிலவிய நேசத்தை நகரத்தில் மீட்டெடுக்க முடியாதா என்ற எண்ணத்துடன் 1905 பிப்ரவரி 23 அன்று வெவ்வேறு தொழில் செய்த மூவருடன் ஓர் அலுவலக அறையில் கூடினார். அடுத்தடுத்த கூட்டங்களை ஒவ்வொருவரின் அலுவலகத்திலும் முறைவைத்து நடத்தினார்கள். தொடக்கத்தில் நட்பும் தொழில் ஒத்தாசையுமே நோக்கமாக இருந்த அந்தச் சங்கம், சிகாகோவில் பொதுக் கழிப்பறைகள் அமைய முயற்சி எடுத்ததன் வழியாக ஊர்ப்பணியில் இறங்கியது. நட்பைத் தேடிப் புறப்பட்டவர்கள் ஊர்ப்பணிக்கு வந்துசேர்ந்த கதை அது. சமூகத் தலைமைத் திட்டத்தில் பயணம் எதிர்த்திசையில் அமைகிறது: ஊர்ப்பணிக்கென்று கூடுகிறவர்கள் நட்பில் வந்துசேர்கிறார்கள்.

இத்திட்டங்களுள் மூத்ததாகக் கருதப்படும் பிலடெல்பியா நகரத் திட்டம் 1959இல் தொடங்கியது. அட்லாண்டா நகரத் திட்டம் 1969இல் தொடங்கப்பட்டது. இவற்றின் வரலாற்றைப் பேசுவோர் ஒரு விமான விபத்தையும் சேர்த்தே நினைவுகூர்வதுண்டு. 1962 ஜூன் 3 அன்று பாரிஸின் ஓர்லி விமான நிலையத்தில் ஏர் பிரான்ஸ் போயிங் 707 விமானம் ஒன்று மேலெழ முடியாமல் ஓடுபாதையைக் கடந்து நொறுங்கியதில் 130 பேர் உயிரிழந்தார்கள். அவர்களுள் நூற்றுக்கும் மேற்பட்டோர் ஐரோப்பியக் கலைச்சுற்றுலா முடித்துத் திரும்பிக்கொண்டிருந்த அட்லாண்டாவின் கலைப் புரவலர்களும் ஊர்ப் பிரமுகர்களும் ஆவர். ஒரு நகரத்தின் பொதுவாழ்வு எவ்வளவு சிறிய வட்டத்தினரின் தோள்களில் நின்றது என்பதை அந்த இழப்பு வெளிச்சமிட்டுக் காட்டியது. அடுத்த தலைமுறையைத் தேடிப் பிடித்துப் பழக்க வேண்டும், பழைய குடும்பங்களுக்கு வெளியிலிருந்தும், கறுப்பின மக்களிடமிருந்தும், வெளியூரிலிருந்து வந்தவர்களிடமிருந்தும் ஆள் சேர்க்க வேண்டும் என்ற எண்ணம் 1960, 1970களில் பல நகரங்களில் வலுப்பெற்றது. இன்று பெருநகரங்கள் மட்டுமின்றி, சில ஆயிரம் பேரே வாழும் சிறு மாவட்டங்களிலும் இத்தகைய வகுப்புகள் நடக்கின்றன.

வகுப்பு பொதுவாக ஊருக்கு வெளியே ஒன்றிரண்டு நாள் தங்கும் தொடக்க முகாமுடன் ஆரம்பமாகிறது. அறிமுகப் பயிற்சிகளும் குழு விளையாட்டுகளும் முகாமின் பகற்பொழுதை நிரப்பினாலும், பழக்கம் உண்மையில் முளைவிடுவது இரவு உணவுக்குப் பிறகு, நிகழ்ச்சி நிரலில் ஒன்றும் இல்லாத அந்த நேரத்தில்தான். பின்னர் மாதந்தோறும் ஒரு துறைக்கான நாள் வருகிறது. நீதித்துறைக்கான நாளில் காலையில் நீதிமன்றத்தில் அமர்ந்து வழக்கு விசாரணையைப் பார்ப்பது, பின் மாவட்டச் சிறைக்குள் நடந்து செல்வது, மற்றொரு நாள் இரவில் காவலர் ஒருவரின் ரோந்து வண்டியில் உடன் அமர்ந்து நகரைச் சுற்றிவருவது ஆகியவை பல ஊர்களில் வழக்கம். தொலைபேசியை வெளியே வைத்துவிட்டு, சிறைக்குள் கனத்த இரும்புக் கதவு ஒன்று பின்னால் மூடிய பிறகே அடுத்த கதவு திறக்கும் அந்தக் குறுகிய இடைவழியில் நெருக்கி நின்றவர்கள், திரும்பும் பேருந்தில் வானிலையைப் பற்றிப் பேசுவதில்லை. தம் குடும்பத்தில் சிறை சென்ற ஒருவரைப் பற்றியோ, காவலரிடம் தாம் கொண்ட அச்சத்தைப் பற்றியோ பேசத் தொடங்கிவிடுகிறார்கள்.

பல திட்டங்களில் இடம்பெறும் வறுமைப் பாவனைப் பயிற்சி இன்னும் நுணுகிப் பார்க்கத்தக்கது. மிசூரி மாநிலத்தின் சமூகச் செயல்பாட்டு வலையமைப்பு உருவாக்கிப் பிற அமைப்புகளுக்கும் வழங்கிவரும் இப்பயிற்சியில், கூடத்தின் ஓரங்களில் வங்கி, அடகுக் கடை, மளிகைக் கடை, பள்ளி, வேலையிடம், அரசு உதவி அலுவலகம், காவல் நிலையம் என்று மேசைகள் போடப்பட்டிருக்கும். நடுவில் நாற்காலிகள் சிறு சிறு குடும்பங்களாக வைக்கப்பட்டிருக்கும். பங்கேற்பவர்களுக்கு ஓர் உறை தரப்படுகிறது. அதில் ஒருவர் தனித்து வாழும் தாயா, வேலையிழந்த கணவரா, பாட்டியிடம் வளரும் சிறுவனா என்ற குறிப்பும், கொஞ்சம் காகிதப் பணமும், சில பயணச் சீட்டுகளும் இருக்கும். ஒரு வாரம் என்பது பதினைந்து நிமிடம். இப்படி நான்கு வாரங்களில் வாடகை கட்ட வேண்டும், உணவு வாங்க வேண்டும், பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்ப வேண்டும். எந்த மேசைக்குச் சென்றாலும் முதலில் ஒரு பயணச் சீட்டைக் கொடுத்தாக வேண்டும், இல்லையேல் திருப்பி அனுப்பிவிடுவார்கள். மேசைகளில் அதிகாரிகளாக அமர்வோருள் வறுமையை நேரில் வாழ்ந்து அறிந்தவர்களும் இருப்பார்கள். அன்றாடம் பெருந்தொகைகளைக் கையாளும் ஒருவர் பயணச் சீட்டு தீர்ந்துபோய் வேலையிடத்துக்குச் செல்ல முடியாமல் நிற்பதும், அவருடைய பாவனைக் குடும்பத்தில் மகளாக வரும் நகராட்சி ஊழியர் அதைச் சமாளிக்க வழி சொல்வதும் அங்கே இயல்பாக நடக்கக்கூடியவை. பதவிகள் சற்று நேரம் கழன்றுவிடுகின்றன. யாருக்கும் ஊரில் பழைய செல்வாக்கு உதவாத அந்த ஒரு மணி நேரத்தில், நேற்று வந்தவரும் நான்கு தலைமுறையாக அங்கே வாழ்பவரும் ஒரே நிலையில் நிற்கிறார்கள்.

இத்தகைய சூழலில் நட்பு ஏன் எளிதாகிறது என்பதைச் சமூக உளவியல், அதாவது பிறருடன் கூடியிருக்கும்போது மனித மனம் இயங்கும் விதத்தை ஆராயும் துறை, நன்றாகவே விளக்கியிருக்கிறது. லியான் ஃபெஸ்டிங்கரும் அவருடைய உடனாய்வாளர்களும் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் மணமான மாணவர் குடியிருப்பில் நடத்தி 1950இல் வெளியிட்ட ஆய்வின்படி, அடுத்த வீட்டாருள் 41 விழுக்காட்டினர் நெருங்கிய நண்பர்களாகக் குறிப்பிடப்பட்டார்கள்; இரண்டு வீடு தள்ளியிருந்தவர்களிடம் இது 22 விழுக்காடாகவும், தளத்தின் இரு கோடிகளில் இருந்தவர்களிடம் 10 விழுக்காடாகவும் குறைந்தது. அங்கே யாரும் அண்டை வீட்டாரைத் தேர்ந்தெடுத்துக் குடிவரவில்லை. நண்பர்களைக் குணம் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறோம் என்று எல்லோரும் நம்பினாலும், அடிக்கடி எதிர்ப்படுவதே பாதி வேலையைச் செய்துவிடுகிறது. பள்ளியிலும் கல்லூரியிலும் தானாகக் கிடைத்த இந்த எதிர்ப்படல், வேலைக்குச் சென்ற பிறகு, அதிலும் வீட்டுக்கு வீடு கார் நிற்கும் அமெரிக்கப் புறநகரில், அறவே நின்றுபோகிறது. தலைமைத் திட்டத்தின் வகுப்பு அதை ஒன்பது மாதங்களுக்குச் செயற்கையாக ஏற்படுத்தித் தருகிறது.

எவ்வளவு நேரம் வேண்டும் என்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. கான்சஸ் பல்கலைக்கழகத் தகவல் தொடர்பு ஆய்வாளர் ஜெஃப்ரி ஹால் 2018இல் வெளியிட்ட ஆய்வுக்கு, அண்மையில் ஊர் மாறிப் புது நண்பர்களைத் தேடிக்கொண்டிருந்த பெரியவர்களையும், கல்லூரியில் புதிதாகச் சேர்ந்த மாணவர்களையும் எடுத்துக்கொண்டார். அறிமுகமானவர் என்ற நிலையிலிருந்து சாதாரண நண்பர் ஆவதற்கு ஏறத்தாழ 50 மணி நேரமும், நண்பர் என்று சொல்லிக்கொள்ள ஏறத்தாழ 90 மணி நேரமும், நெருங்கிய நண்பராக 200 மணி நேரத்துக்கு மேலும் கூடியிருக்க வேண்டியிருக்கிறது என்பது அவருடைய கணிப்பு. மாதம் ஒரு நாள் எட்டு மணி நேரம் என்று ஒன்பது மாதத்துக்குக் கணக்கிட்டால் 72 மணி நேரம் ஆகிறது; தொடக்க முகாமையும், வகுப்பார் சிறு குழுக்களாகப் பிரிந்து செய்யும் ஊர்ப்பணித் திட்டத்துக்கான கூட்டங்களையும் சேர்த்தால் 90ஐத் தாண்டிவிடும். ஆனால் இந்தக் கூட்டலை அப்படியே நம்பிவிடக் கூடாது. ஒரே அலுவலகத்தில் சேர்ந்து உழைக்கும் நேரம் நட்பை அவ்வளவாக வளர்ப்பதில்லை என்பதையும், வெற்று உபசாரப் பேச்சைவிட, விளையாட்டுப் பேச்சும், விசாரிப்பும், மனம் திறந்த உரையாடலுமே நெருக்கத்தைக் கூட்டுகின்றன என்பதையும் அதே ஆய்வு காட்டியது. உரையரங்கில் வரிசையாக அமர்ந்து கேட்ட மணிநேரங்கள் இந்தக் கணக்கில் பெரிதாகச் சேராது; பேருந்துப் பயணமும், மதிய உணவும், மாலையில் கலைந்து போகாமல் நின்று பேசுவதும்தான் சேரும். நல்ல அனுபவமுள்ள ஒருங்கிணைப்பாளர்கள் ஒவ்வொரு மாதமும் இருக்கைகளை மாற்றிப் போடுவதும், நிகழ்ச்சிகளுக்கு நடுவே தாராளமாக இடைவேளை விடுவதும் இதனால்தான் மிகச் சரியான செயல்கள்.

வெவ்வேறு பிரிவினர் வெறுமனே சந்தித்துக்கொள்வதால் மட்டும் தப்பெண்ணம் நீங்கிவிடாது, அவர்கள் சமநிலையில், பொது இலக்குடன், ஒத்துழைத்து, ஓர் அமைப்பின் ஆதரவோடு சந்திக்க வேண்டும் என்று கார்டன் ஆல்போர்ட் 1954இல் வரையறுத்தார். தொடர்புக் கருதுகோள் என்று வழங்கும் அந்தக் கருத்தின் நான்கு நிபந்தனைகளும் இந்த வகுப்பில் ஒருசேர அமைகின்றன. வேற்று நிறமும் வேற்று உச்சரிப்பும் கொண்ட ஒரு குடியேறிக்கு இது சிறிய சலுகை அன்று. அவரைத் தேர்ந்தெடுத்தது ஊரின் மதிப்புக்குரிய ஓர் அமைப்பு என்பதாலேயே, அவர் யார், ஏன் வந்தார் என்ற ஐயம் இல்லாமல் பழக்கம் தொடங்குகிறது. குழுவின் ஊர்ப்பணி, அதாவது ஒரு பூங்காவுக்கு விளையாட்டுக் கருவிகள் அமைப்பதோ, உணவு வங்கிக்குக் கிடங்கு ஒழுங்கு செய்வதோ, எல்லோருக்கும் பொதுவான கவலை ஒன்றைத் தருகிறது. நன்கொடை கேட்டுப் பத்துக் கடைகள் ஏறி இறங்கியவர்களுக்கு இடையே பேச்சுக்குப் பஞ்சம் இருப்பதில்லை.

இங்கே தமிழருக்கு நேரடியாகப் பொருந்தும் ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். மனிதர்களுக்கிடையிலான தொடர்புகளிலும் நம்பிக்கையிலும் பொதிந்திருக்கும் வலிமையைச் சமூக மூலதனம் என்று அழைக்கும் ராபர்ட் புட்னம், 2000ஆம் ஆண்டில் வெளியான தம் நூலில் அதை இரு வகையாகப் பிரித்துப் பேசுகிறார்: ஒத்த மொழி, இனம், சமயத்தாரைத் தமக்குள் இறுகக் கட்டும் பிணைப்பு மூலதனம் ஒன்று, வேறுபட்டவர்களைத் தொடுத்துவிடும் பால மூலதனம் மற்றொன்று. அமெரிக்காவில் குடியேறும் தமிழருக்கு முதல் வகை குறைவின்றிக் கிடைக்கிறது. பல நகரங்களில் தமிழ்ச் சங்கங்கள் உள்ளன. அவற்றின் கூட்டமைப்பான வட அமெரிக்கத் தமிழ்ச் சங்கப் பேரவை 1987 முதல் இயங்குகிறது. வார இறுதித் தமிழ்ப் பள்ளி, கோயில், பொங்கல் விழா ஆகியவை வந்த சில மாதங்களிலேயே ஒரு சொந்தபந்தத்தை உண்டாக்கிவிடுகின்றன. நோய், மகப்பேறு, ஊரில் நேரும் மரணம் என்று எது வந்தாலும் சோறு பொங்கி எடுத்துக்கொண்டு வருபவர்கள் அவர்களே. அதன் அருமையை எவ்வளவு சொன்னாலும் தகும். எனினும் பத்து ஆண்டுகள் ஒரே ஊரில் வாழ்ந்தும் நகர மன்ற உறுப்பினரின் பெயரோ, பள்ளி வாரியத் தேர்தல் நடக்கும் விதமோ, இரண்டு தெரு தள்ளியுள்ள கறுப்பினக் குடியிருப்பின் வரலாறோ தெரியாமல் இருந்துவிட முடிகிறது என்றால், அது இரண்டாம் வகை மூலதனம் இல்லாத குறை. சங்கம் தர இயலாத அந்த ஒன்றைத் தலைமைத் திட்டம் தருகிறது. ஒன்று இருந்தால் மற்றொன்று வேண்டாம் என்பதில்லை, புதியவருக்கு இரண்டுமே தேவை.

மெல்லிய தொடர்புகளின் பயனையும் குறைத்து மதிப்பிடலாகாது. மார்க் கிரானோவெட்டர் 1973இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை, தொடர்புகளின் வழியே வேலை பெற்றவர்களுள் பெரும்பாலோருக்குச் செய்தி சொன்னவர்கள் நெருங்கிய நண்பர்கள் அல்லர், எப்போதாவது சந்திப்பவர்களே என்று காட்டியது. நெருங்கியவர்கள் அறிந்தது பெரும்பாலும் நாமும் அறிந்ததாகவே இருக்கும். புதுச் செய்தி வேறு வட்டத்திலிருந்துதான் வர வேண்டும். நாற்பது பேர் கொண்ட வகுப்பில் நான்கு பேர் உயிர்த்தோழர்கள் ஆவதே அரிது. எஞ்சியவர்கள் மருத்துவமனை வாசலிலோ பள்ளி விழாவிலோ பெயர் சொல்லி அழைப்பவர்களாக மாறுகிறார்கள், புது ஊர் சொந்த ஊராவது பெரும்பாலும் இவர்களால்தான்.

இத்திட்டங்களில் சேர்ந்தும் தனிமை நீங்காதவர்கள் உண்டு. முகவரி அட்டைகளை முதல் நாளிலேயே எல்லோருக்கும் வழங்கி, வகுப்பை வாடிக்கையாளர் தேடும் இடமாகக் கொண்டவர்களிடம் மற்றவர்கள் மரியாதையோடு விலகிக்கொள்கிறார்கள். ஆங்கில உச்சரிப்பு குறித்த கூச்சத்தால் ஒரே மூலையில் அமர்ந்துவிடும் குடியேறிகளின் நிலை வேறு. அவர்கள் தமக்குள்ள ஒரு வசதியை உணராதவர்கள். ஊருக்குப் புதியவர் என்பதே எதையும் கேட்பதற்கான உரிமம். அந்த ஆலை ஏன் மூடப்பட்டது, இந்த ரயில் பாதைக்கு அப்பால் ஏன் நடைபாதையே இல்லை என்று உள்ளூர்க்காரர் கேட்டால் விபரீதமாகத் தோன்றும் கேள்விகளைப் புதியவர் கேட்கலாம். கேட்டால், பழைய குடியினர் மகிழ்ச்சியோடு விளக்குகிறார்கள், பலருக்கு அந்தப் பேச்சே நட்பின் தொடக்கமாகிறது.

குறைகளுள் பெரியது, நுழைவாயிலிலேயே இருக்கிறது. பல திட்டங்களின் கட்டணம் ஆயிரம் டாலருக்கு மேல். வேலை நாளில் மாதம் ஒரு நாள் முழுவதும் விடுப்பும் தேவை. இரண்டையும் பெரும்பாலும் பங்கேற்பவரின் நிறுவனமே ஏற்பதால், மேல்நிலை அலுவலர்களுக்கு எளிதாக இருக்கும் இடம், மணிக்கூலிக்கு வேலை செய்வோருக்கும் வேலைக்கே செல்லாதோருக்கும் எட்டாததாகிவிடுகிறது. தனிமை மிகுந்தவர்கள் இவர்களே என்பதுதான் வருத்தம். தொழில்நுட்ப வேலைக்கு வந்தவர்களின் வாழ்க்கைத்துணையாக எச்-4 விசாவில் வரும் பெண்களை எண்ணிப் பார்த்தால் இது விளங்கும். 2015 முதல் அவர்களுள் ஒரு பகுதியினரால் பணி அனுமதி பெற முடிகிறது என்றாலும், ஏனையோர் படித்த படிப்புடன் வீட்டுக்குள்ளேயே ஆண்டுகளைக் கழிக்கிறார்கள். பரிந்துரைக்க ஒரு முதலாளி இல்லாதவர்களுக்கென்று சில இடங்களையாவது உதவித்தொகையுடன் ஒதுக்குவது ஒவ்வொரு திட்டத்தின் கடமையாக இருக்க வேண்டும். சில ஊர்கள் அவ்வாறு செய்தும் வருகின்றன.

மற்றொரு குறை, மே மாதப் பட்டமளிப்போடு சந்திப்புகள் நின்றுபோவது. கூடிவரும் காரணம் போனதும் பழக்கம் மெலிகிறது. முன்னாள் வகுப்பினர் சங்கம் உயிர்ப்போடு உள்ள ஊர்களில் இந்த இழப்பு குறைவு. பங்கேற்றவர்களை நூலகம், உணவு வங்கி, முதியோர் இல்லம் போன்றவற்றின் நிர்வாகக் குழுக்களில் சேர்த்துவிடும் ஊர்களில் இன்னும் குறைவு, ஏனெனில் அங்கே வகுப்பின் இருவர் அல்லது மூவர் மீண்டும் ஒரே மேசையைச் சுற்றி மாதந்தோறும் கூடுகிறார்கள்.

விண்ணப்பங்கள் பொதுவாகக் குளிர்காலத்திலும் வசந்த காலத்திலும் பெறப்பட்டு, நேர்காணலுக்குப் பின் கோடையில் வகுப்பு அறிவிக்கப்படுகிறது. கட்டணமோ விடுப்போ தடையாக உள்ளவர்களுக்கு அதே தன்மை கொண்ட சிறு வகுப்புகளும் உண்டு. குடிமக்களுக்குக் காவல் துறையின் பணிகளை மாலை நேரங்களில் வாரம் ஒரு வகுப்பாகச் சில மாதங்கள் கற்பிக்கும் குடிமக்கள் காவல் பயிலகம், இங்கிலாந்தின் டெவன், கார்ன்வால் காவல் துறை 1977இல் செய்த முயற்சியைப் பின்பற்றி 1985இல் ஃபுளோரிடா மாநிலத்தின் ஓர்லாண்டோ நகரில் தொடங்கி நாடெங்கும் பரவியது. பெரும்பாலான ஊர்களில் இதற்குக் கட்டணம் இல்லை. நகராட்சிகளும் வரவு செலவுத் திட்டம், குடிநீர், தீயணைப்பு ஆகியவற்றை இவ்வாறே மாலை வகுப்புகளில் விளக்குகின்றன. வாரந்தோறும் அதே முகங்கள், அதே அறை, கேட்க நிறையக் கேள்விகள் என்ற மூன்றும் அங்கேயும் உண்டு. நகராட்சி அலுவலகத்திலோ பொது நூலகத்திலோ விசாரித்தால் அடுத்த வகுப்பு தொடங்கும் நாளைச் சொல்லிவிடுவார்கள்.